சேர் ஒளித்து வைத்த இடம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை மருதமுனையில் சும்மா இருக்கும் பெண்பிள்ளைக்குத் தொண்ணூறுகளில் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஒன்று கலியாணப் பேச்சு, மற்றது தையல் வகுப்பு. நான் மூன்றாவதாகக் கணினி வகுப்பு என்று ஒன்றைக் கேட்டேன். காலையில்தானே, பெண்பிள்ளைகள் மட்டும்தானே என்று வாப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். பிற்பகலில் அதே அறையில், அதே கதிரைகளில் ஆண்களுக்கு வகுப்பு நடப்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

வகுப்பு கல்முனை நகரத்தில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. நடத்திய ஆசிரியரைச் சேர் என்போம். சவூதியில் ஓர் எண்ணெய்க் கம்பனியின் கணினிப் பிரிவில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். கட்டிடம் அவருடையது அல்ல, மனைவியின் சீதனம். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பார். ஆனால் சேர் வீட்டிலும் மனைவியின் கூரைக்குக் கீழே, தொழிலிலும் மனைவியின் கூரைக்குக் கீழே. அந்த மனைவியை நாங்கள் ராத்தா என்று கூப்பிட்டோம். வீடு கட்டிடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. எப்போதாவது யன்னலால் எட்டிப் பார்த்து, மின்விசிறி வீணாகச் சுற்றுகிறதா என்று மட்டும் கவனித்துவிட்டுப் போவார்.

மற்ற வகுப்புகளில் ஆளுக்கொரு கணினி. சேரிடம் ஒன்றே ஒன்றுதான். அது அறையின் மூலையில் ஒரு மேசையில் இருந்தது. அதிலிருந்து வயர்கள் ஓடி, கொழும்பில் யாரோ கழித்துவிட்ட பழைய டேர்மினல்களில் முடிந்தன. டேர்மினல் என்றால் ஒரு திரையும் விசைப்பலகையும், அவ்வளவுதான். சொந்தமாக மூளை கிடையாது. பச்சை எழுத்து மட்டும் காட்டும். அவற்றை லொறியில் கொண்டு வந்தபோது வழியிலிருந்த சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறக்கிக் காட்ட வேண்டியிருந்ததாம். டிவி என்றால் படம் காட்டு என்று கேட்ட சிப்பாய்க்கு, இது படம் காட்டாத டிவி என்று விளக்கிய கதையைச் சேர் மாதத்துக்கு ஒரு தடவை சொல்வார்.

மூலையில் இருந்த கணினியில் லினக்ஸ் ஓடியது. நாங்கள் எல்லோரும் அந்த ஒரு மூளையைத்தான் பகிர்ந்துகொண்டோம். அதனால் எழுதியதைச் சேமிக்கும் தட்டும் ஒன்றுதான். இன்று ஒரு கலியாண வீடியோவின் கால்வாசி கூடக் கொள்ளாத அந்தச் சின்ன ஹார்ட் டிஸ்கில் காலை வகுப்பும் பிற்பகல் வகுப்பும் குடித்தனம் நடத்தின.

சண்டை அங்கேதான் தொடங்கியது. காலையில் போய் உட்கார்ந்து, எழுதிய நிரலைச் சேமிக்கப் போனால், இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். நேற்றுப் பின்னேரம் ஆண்கள் நிரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களோ, குற்றம் முழுவதும் எங்கள் மேல் என்றார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. நாங்கள் எழுதிய நிரல்கள் ஓட முதலே செத்தன. அப்படிச் சாகும்போது கணினி அந்த நிரலின் நினைவு முழுவதையும் ‘கோர்’ என்ற பெயரில் ஒரு பெரிய கோப்பாகக் கொட்டிவிட்டுப் போகும். எங்கள் பதினைந்து பேரும் கோப்பு வைக்கும் அடைவுகளிலும் இந்த மையித்துகள் கிடந்தன. அவற்றை அடக்கம் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது.

இரண்டு வகுப்பும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு பொதுக் கோப்பு இருந்தது, அதில் எழுதித்தான் சண்டை பிடித்தோம். டேர்மினலில் தமிழ் வராது, ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழ். சகோதரிகளே, உங்கள் குப்பையை அள்ளிவிட்டுப் போங்கள் என்று அவர்கள். சகோதரர்களே, நீங்கள் கணினிக்குள் படுத்து உறங்குகிறீர்களா, இவ்வளவு இடம் எதற்கு என்று நாங்கள். அவர்கள் பக்கத்தில் எழுதியவன் என் மாமாவின் மகன். ஊரில் எதிரே வந்தால் சைக்கிளை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போகும் என் மச்சான், அந்தக் கோப்பில் மட்டும் வீரன்.

ஒரு நாள் இந்தச் சண்டைக்கு ஆதாரம் திரட்டுவதற்காக, தட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டினேன். மொத்தம் இவ்வளவு, பயன்பட்டது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று மூன்று எண்கள் வந்தன. மொத்தத்திலிருந்து பயன்பட்டதைக் கழித்தேன். வந்த விடை, திரை காட்டிய மிச்சத்தைவிடக் கூட. கொஞ்சநஞ்சமல்ல, ஆறு பிளொப்பி கொள்ளும் இடம். திரும்பவும் கழித்தேன். கொப்பியில் கழித்தேன். பக்கத்தில் இருந்த சாய்ந்தமருதுச் சிநேகிதியிடம் கொடுத்துக் கழிக்கச் சொன்னேன். அவளுக்கும் அதேதான் வந்தது.

சிநேகிதியைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லவள், கெட்டிக்காரி, ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வயிற்றில் வைத்திருந்தால் அவளுக்கு உண்மையாகவே தலைவலி வரும்.

அவள் கையை உயர்த்தி, ஆறு பிளொப்பி இடம் காணாமல் போயிருக்கிறது, அது எங்கே என்று சேரிடம் கேட்டாள். சேர் அப்போது சாவிக் கொத்தைத் தேடிக்கொண்டு எங்கோ புறப்படும் அவசரத்தில் இருந்தார். பிறகு அவர் பல தடவை எண்ணி வருந்திய பதிலை அந்த அவசரத்தில்தான் சொன்னார்.

“அது எனக்கு மட்டும் உள்ள இடம். உங்களுக்குத் தேவயில்ல.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் சிநேகிதி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

“ஒளிச்சி வெச்சிரிக்கார், புள்ள.”

என்னத்தை என்று கேட்டேன். அது தெரியாமல் இருப்பதுதான் ஒளித்து வைத்ததற்கு அடையாளம் என்றாள்.

இதற்கிடையில் கீழே புடவைக் கடையில் வேறொரு கதை உலாவியது. பிற்பகலில், ஆண்கள் வகுப்பு நேரத்தில், மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது என்று அங்கே துணி வெட்டும் ஆள் சொல்லியிருந்தார். தெளிவான குரலாம், சிரித்துச் சிரித்துப் பேசுகிறதாம், ஆனால் படியேறிப் போன பெண் யாரும் இல்லையாம். சிநேகிதி பெருநாளைக்குச் சட்டைத்துணி எடுக்கப் போன இடத்தில் இதைக் கேட்டாள். காணாமல் போன இடம் ஒரு கையில், காணாத பெண்ணின் குரல் மறு கையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. சேர் சவூதியில் இருந்தபோது அங்கே ஒருத்தியோடு ஏதோ இருந்திருக்கிறது, அவளுடைய குரலையும் படத்தையும் கணினிக்குள் யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறார், தனிமையில் போட்டுக் கேட்கிறார் என்று முடித்தாள். அறை நிறைய ஆண்கள் இருக்கும்போது அது எப்படித் தனிமையாகும் என்று கேட்டேன். இப்படிப்பட்ட கேள்விகள் கதைக்கு உதவாது என்றாள்.

கதை என்னிடமிருந்து போகவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். கணக்கு மட்டும்தான் என்னுடையது.

அந்தக் கிழமையே ஒரு காலையில் ராத்தா படியேறி வந்தார். எட்டிப் பார்க்க வந்தவர்போல இல்லை. வெளியே போகும்போது போடும் நல்ல பர்தாவைப் போட்டிருந்தார், வீட்டிலிருந்து இருபது அடி நடப்பதற்கு. ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து மூலையில் இருந்த கணினிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டேர்மினல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

“இதுக்குள்ள உங்களுக்கு மட்டும் ஒரு இடம் இரிக்காமே” என்றார் கணவரிடம். “இது என்ட கட்டிடம். இதுக்குள்ள எனக்குத் தெரியாத இடம் எப்பிடி வந்த?”

சேர் எங்களைப் பார்த்தார். நாங்கள் விசைப்பலகையைப் பார்த்தோம். சிநேகிதி மட்டும் நிமிர்ந்து, பாடம் கேட்கும் நல்ல மாணவிபோல இருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. கதிரையை ராத்தாவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு விளக்கத் தொடங்கினார். எங்களுக்கு இவ்வளவு பொறுமையாக ஒரு பாடமும் அவர் எடுத்ததில்லை. கணினிக்குள் ‘ரூட்’ என்று ஒரு மேலாளர் பெயர் உண்டு, அந்தப் பெயரில் நுழைந்தால் எதையும் செய்யலாம், இங்கே அது அவர்தான். தட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒருவருக்கும் கொடுக்காமல் அந்த ரூட்டுக்கென்று லினக்ஸ் தானாகவே ஒதுக்கி வைக்கிறது. மாணவர்கள் தட்டை முழுக்க நிரப்பினாலும் மேலாளர் உள்ளே வந்து கூட்டித் துப்புரவாக்க இடம் வேண்டும். கணினியும் சும்மா இருப்பதில்லை. யார் வந்தார், யார் போனார், என்ன பிழைத்தது என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டே இருக்கும், அச்சடிக்கக் கொடுத்ததை எங்காவது வைத்திருக்கும். எழுத இடமில்லாவிட்டால் அது திக்குமுக்காடும். இன்னுமொன்று, தட்டு தொண்டைவரை நிரம்பினால் புதிய கோப்பை ஓரிடத்தில் வைக்க முடியாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமென்று துண்டு துண்டாகப் போட வேண்டி வரும். பிறகு எடுக்கும்போது தேடித் தேடியே கணினி களைத்துவிடும்.

ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார். “ஓம், குசினிக்குள்ள சுவரில இருந்து சுவர் வரைக்கும் சாமான அடுக்கினா நிண்டு சமைக்கிற எங்க. அது சரி” என்றார். சேரின் முகம் மலர்ந்தது. “அந்த இடத்த எனக்குக் காட்டுங்க” என்று ராத்தா முடித்ததும் வாடியது.

ஒன்றுமில்லாத இடத்தை எப்படிக் காட்டுவது? சேர் சிறிது நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு யோசனை வந்தது, அது நல்ல யோசனையும்தான். நாங்கள் பதினைந்து பேரும் கிடைக்கும் கோப்பை எல்லாம் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துத் தட்டை நிரப்ப வேண்டும். எங்களுக்கு இனி இடமில்லை என்று வந்த பிறகு, அவர் ரூட்டாக இருந்து ஒரு கோப்பு எழுதிக் காட்டுவார். எழுத முடிகிறதென்றால் அந்த இடம் அதுவரை வெறுமையாக இருந்தது என்று அர்த்தம். அதற்குள் யாருடைய படமும் இல்லை, குரலும் இல்லை.

அப்படியொரு வேலையை எங்களுக்கு யாரும் தந்ததில்லை. குப்பை போடாதே என்று திட்டிய அதே வாய் குப்பை போடச் சொன்னது. ‘கோர்’ கோப்புகளைப் பத்துப் பத்தாகப் பெருக்கினோம். ஒவ்வொரு டேர்மினலாக இடமில்லை என்ற வரி வர, வந்தவர்கள் கையை உயர்த்தினோம். சிநேகிதி கையை உயர்த்தியும் நிறுத்தவில்லை. விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

என்ன எழுதட்டும் என்று சேர் கேட்டார். தன் பெயரை எழுதச் சொன்னார் ராத்தா. சேர் ஓரக்கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டு, மனைவியின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டி, சேமிக்கும் விசையை ஒரு மாப்பிள்ளையின் மிடுக்கோடு அழுத்தினார்.

இடமில்லை என்று வந்தது.

அவர் திரும்பவும் அழுத்தினார். திரும்பவும் வந்தது. ராத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும்.

“என்ட பேருக்கு இடமில்லயாமே” என்றார்.

சேர் தட்டின் கணக்கைக் காட்டும் கட்டளையைத் தட்டினார். மூன்று எண்கள் வந்தன. ராத்தா என்னைக் கூப்பிட்டு, நீதானே கழித்துப் பார்த்த பிள்ளை, இப்போது கழி என்றார். எல்லோருக்கும் முன்னால் கழித்தேன். விடை சரியாக வந்தது, ஒரு துளி வித்தியாசமில்லை. கணக்கு சரியாக வந்ததற்காக நான் பயந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். முன்பு இருந்த ஆறு பிளொப்பி இடம் எங்குமே இல்லை.

“ஆ” என்றார் ராத்தா மெதுவாக. “நான் வாறனெண்டு கேள்விப்பட்டு எடுத்துப் போட்டீங்க.”

சேருக்கு உண்மை அந்த நேரத்தில்தான் உறைத்தது. யாரோ ரூட்டாக உள்ளே வந்து, ஐந்து வீத ஒதுக்கீட்டைப் பூச்சியமாக்கிவிட்டார்கள். விடுபட்ட இடத்தையும் நிரப்பிவிட்டார்கள். அப்படியானால் பாஸ்வேர்ட் யாருக்கோ தெரியும். அது அவருடைய மோட்டார் சைக்கிளின் இலக்கம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மோட்டார் சைக்கிளோ நாள் முழுக்கக் கீழே வாசலில் நிற்கும், பின்னால் இலக்கத்தைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு.

பயத்தில் மனிதர் ஒரு பிழை விட்டார். தட்டைக் காலி செய்ய முதலே பாஸ்வேர்டை மாற்றப் போனார். கணினி எல்லோருடைய பெயர்களையும் வைத்திருக்கும் கோப்பை முதலில் வெறுமையாக்கியது, பிறகு புதிதாக எழுதப் போனது. வெறுமையாக்க முடிந்தது. அதனால் விடுபட்ட துளி இடத்தை, விசையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்த சிநேகிதியின் டேர்மினல் அந்த நொடியிலேயே விழுங்கிவிட்டது. எழுத ஒன்றும் மிச்சமில்லை. இது தெரியாத சேர், புதிய பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க வெளியே வந்து திரும்ப நுழையப் போனார். கணினி பெயர் கேட்டது. ரூட் என்றார். பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தார். அப்படி ஒருவரைத் தெரியாது என்றது. இன்னொரு தடவை கேட்டது, இன்னொரு தடவையும் தெரியாது என்றது.

ராத்தா திரையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்களயே ஆரெண்டு கேக்குது” என்றார். கோபம் போய்விட்டது. பர்தாவின் ஓரத்தால் வாயை மூடியிருந்தார், தோள் குலுங்கியது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பிறகு பதினைந்து பேரும் சிரித்தோம். சேரும் கடைசியில் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்.

உள்ளே ஏற்கெனவே நுழைந்திருந்த எங்களால் பிரதிகளை அழிக்க முடிந்தது. புதிதாக யாராலும் நுழைய முடியவில்லை. கணினியை வெளியிலிருந்து எழுப்ப ஒரு பிளொப்பி உண்டு, அது வீட்டில் அலுமாரிக்கு மேல் பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது என்றார் சேர். அவரை எழும்ப விடாமல் ராத்தாவே போய்த் தகரத்தோடு தூக்கி வந்தார். வழியில் அதற்குள் வேறென்ன இருக்கிறது என்று ஒரு கை பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பிளொப்பியால் எழுப்பி, பெயர்க் கோப்பின் பழைய பிரதி ஒன்றைக் கணினி தன் பாட்டில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்துத் திரும்பப் போட்டபோது நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. எங்கள் வகுப்பு எப்போதோ முடிந்திருந்தது. ஒருத்தி கூட வீட்டுக்குப் போகவில்லை. ராத்தாவும் போகச் சொல்லவில்லை. பின்வரிசைக் கதிரைகளில் ஒதுங்கி இருந்தோம். சேர் கீழே பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார்.

ஆண்கள் வகுப்பு வந்தது. கோப்பில் மட்டும் கண்ட எதிரிகளை அன்றுதான் நேரில் கண்டோம். எங்களையும் ராத்தாவையும் கண்டதும் வாசலில் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். கணினி காலையில் படுத்துவிட்டது, தட்டு நிரம்பி ஒன்றும் எழுத முடியவில்லை என்று மட்டும் சேர் சொன்னார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் மச்சான் முன்னால் வந்தான். எனக்கு முன்னால், இத்தனை பெண்பிள்ளைகளுக்கு முன்னால், தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்திருப்பான்.

“பயப்படாதீங்க சேர். அந்த அஞ்சு வீதத்த நான் திரும்பப் போட்டுத் தாறன்.”

ஆண்கள் வந்த பிறகு அறையில் ஒருவரும் ஐந்து வீதம் என்று உச்சரித்திருக்கவில்லை. சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மச்சானின் பின்னால் நின்றவர்கள் மெல்ல மெல்ல அவனிடமிருந்து விலகி, அவன் தனியாக நின்றான். காதுமடல் இரண்டும் சிவந்தது பின்வரிசைக்குத் தெரிந்தது.

தட்டில் பெரிய கோப்புகள் எவை என்று சேர் தேடினார். மச்சானின் அடைவுக்குள், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாதபடி புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஓர் அடைவு. அதற்குள் ஒலிக் கோப்புகள், ஒவ்வொன்றும் மலைப்பாம்பு. கணினியோடு ஒரு சவுண்ட் கார்டும் சின்ன ஸ்பீக்கர்களும் இருந்தன. அவை எதற்கென்று எங்களுக்கு அதுவரை தெரியாது. ராத்தா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“போடுங்க. கேப்பம்.”

முதலில் இரைச்சல். பிறகு ஆயிரக்கணக்கானவர்களின் கூச்சல். பிறகு ஓர் ஆண் குரல் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் பேசியது. கிரிக்கெட். சேர் அஸர் தொழுது தேநீரும் குடித்துவிட்டு வரும் இடைவெளியில், ஒரு ரேடியோவைக் கணினியோடு பொருத்தி, ஒருநாள் ஆட்டத்தின் வர்ணனையைப் பதிவு செய்திருக்கிறார்கள். மின்வெட்டால் ஆட்டம் தவறியவர்களுக்கு மறுநாள் போட்டுக் காட்டுவதாம். இடம் போதாமல் போனபோதுதான் என் மச்சானுக்கு அந்த ஐந்து வீதத்தில் கண் விழுந்திருக்கிறது. யாரும் ஒன்றும் வைக்காத இடம் வீணாகத்தானே கிடக்கிறது என்று நினைத்தானாம்.

ஓவர் முடிந்தது. வர்ணனை நின்று, மணி போல ஒரு பெண் குரல் சிரித்துக்கொண்டே வந்தது. எல்லோரும் நிமிர்ந்தோம். அவள் ஒரு குளியல் சவர்க்காரத்தின் வாசனையைப் புகழ்ந்து, கடையில் கேட்டு வாங்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ராத்தா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். குறிப்பாகச் சிநேகிதியைப் பார்த்தார். அவள் தன் செருப்பில் ஏதோ பழுது இருப்பதாகக் கண்டுபிடித்துக் குனிந்துவிட்டாள்.

கோப்புகளை அழிக்கச் சேர் விசையில் கை வைத்தபோது ராத்தா தடுத்தார். அன்றைக்குத் தான் போயிருந்த கலியாண வீட்டிலும் கரண்ட் போய்விட்டது, கடைசி ஓவர்கள் கேட்கக் கிடைக்கவில்லை, அவை இருக்கிறதா என்று மச்சானிடம் கேட்டார். அவன் ஓம் என்றான். ஆகவே அந்தப் பிற்பகல் பாடம் நடக்கவில்லை. முன்னால் ஆண்கள், பின்னால் நாங்கள், நடுவில் பிளாஸ்டிக் கதிரையில் ராத்தா. முடிவு எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டத்தை மூச்சைப் பிடித்துக் கேட்டோம். வெற்றி வந்ததும் ராத்தா எழும்பினார். இப்போது அழிக்கலாம் என்றார்.

அடுத்த கிழமை காலை வகுப்பில் ஒரு மாணவி கூடியிருந்தார். எனக்கும் சிநேகிதிக்கும் நடுவில் ராத்தா கதிரை போட்டுக்கொண்டார். சிநேகிதி அதற்குப் பிறகு வகுப்பு நேரத்தில் பேசியது குறைவு. ராத்தா சுறுக்காகப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் பழைய கோர் கோப்புகளைத் தேடி அழிக்கும் கட்டளையை எங்கள் எல்லோரையும்விட வேகமாகத் தட்டினார். இரக்கம் பார்க்கவில்லை. ரூட்டின் பாஸ்வேர்ட் மாறியது. புதியது என்னவென்று சேருக்கே ராத்தாவிடம் கேட்க வேண்டியிருந்தது என்று ஒரு பேச்சு அடிபட்டது. நான் கண்ணால் கண்டது ஒன்றுதான்: ஒதுக்கீட்டை ஐந்திலிருந்து பத்து வீதமாக்கச் சொன்னார் ராத்தா. ஐந்து போதும், உலகம் முழுக்க ஐந்துதான் என்று சேர் சொல்லிப் பார்த்தார். உலகத்தில் உள்ளவர்களுக்கு இந்தப் பையன்களோடு வேலையில்லை என்றார் ராத்தா. பத்து ஆகியது. இடம் காணாது, போதாது என்று பிற்பகல் வகுப்பு முறையிட்டபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சேர் சொல்வாராம்.

பரீட்சை முடிவு வந்தது. பல்கலைக்கழகம் கிடைக்க இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை காலை வகுப்புக்கு உதவியாக நிற்கும்படி சேர் கேட்டார். பாஸ்வேர்டை என்னிடம் தந்தது ராத்தா. காதுக்குள் சொன்னார். எழுதி வைக்கக் கூடாது, ஆர் வந்து கெஞ்சினாலும் ஒரு வீதமும் குறைக்கக் கூடாது என்று கூடவே சொன்னார்.

கெஞ்ச வந்தவன் மச்சான்தான். கடதாசிப் பையில் சூடான ரோல்ஸோடு காலை வகுப்பு கலையும் நேரத்தில் படியில் நின்றான். சைக்கிளை மறுபக்கம் திருப்பாமல், நிமிர்ந்து பார்த்து, முதல் தடவையாக என்னோடு கதைத்தான்.

“ரெண்டு வீதம் காணும், மச்சி. ஒரு ஆட்டம் மட்டும்.”

பையை வாங்கிக்கொண்டேன். ரோல்ஸ் நல்ல உறைப்பு. உள்ளே போய் டேர்மினலில் சும்மா எதையோ தட்டி, சிநேகிதியோடு ஆளுக்கு இரண்டு சாப்பிட்டு, கையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன். அவன் அதே படியில் நின்றுகொண்டிருந்தான்.

“பாத்தன்” என்றேன். “இடமில்ல.”